கேட்பவருக்கும் ஒரு வரி

அத்தியாயம் 4: ஊரிலும் பள்ளியிலும் கவிதை சொல்லுதல்

சில ஆண்டுகளுக்கு முன், அரியலூருக்கு அருகே ஒரு பள்ளியில் ஏரிகளைப் பற்றி 12 நிமிடம் கவிதை சொன்னேன். மனப்பாடமாகவே சொன்னேன், எங்கும் தடுமாறவில்லை. கைதட்டலும் நன்றாகவே வந்தது. கிளம்பும்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாசல்வரை கூடவே வந்தாள்.

"சார், எங்க ஊர் ஏரிக்கு ஒரு பேரு இருக்கு. அத நீங்க கேக்கவே இல்லையே?"

கேட்டேன், சொன்னாள். அதோடு நிற்கவில்லை. கலிங்கு பாயும் அன்று அவள் அப்பாயி தண்ணீருக்குச் சூடம் காட்டிக் கும்பிடுவதையும், அப்போது முணுமுணுக்கும் வார்த்தைகளையும் சொன்னாள். என் 12 நிமிடத்தில் இல்லாத ஏரி அவள் பேச்சில் நிறைந்து கிடந்தது. அன்று நான் கற்றதுதான் இந்த அத்தியாயத்தின் சாரம்: நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கவிதையிலும் கேட்பவர் சொல்வதற்கென்று ஒரு வரியை ஒதுக்கி வையுங்கள். அந்த வரி அவர் வாயிலிருந்து வரும்போதுதான் கற்பித்தல் தொடங்குகிறது.

நகரங்களில் இதை இப்போது 'ஸ்போக்கன் வேர்ட்' என்கிறார்கள். நமக்குக் கவியரங்கம், மேடைக் கவிதை என்றால் புரியும். பெயர் எதுவானாலும் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய்க் கவிதை சொல்லவும், அதன்வழி எதையாவது கற்பிக்கவும் நினைப்பவருக்குத் தேவையான செய்முறை இங்கே இருக்கிறது.

முன்னால் நடந்தவர்கள்

இந்த மண்ணில் இந்த வேலையை முதலில் செய்யப்போவது நீங்கள் அல்ல. அதைத் தெரிந்துகொள்வதே ஒரு பலம்.

உ.வே. சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் பிழைப்புக்காகக் குடும்பத்தோடு அரியலூரில் வந்து தங்கியவர். உறவினரான கனம் கிருஷ்ணையரிடம் உடையார்பாளையத்தில் இசை பயின்றவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி, பொருள் சொல்லி, ஊர் ஊராக இராமாயணப் பிரசங்கம் செய்தார். இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் குன்னமும் அவர் பிரசங்கம் செய்த ஊர்களில் ஒன்று. ஊரார் அழைப்பார்கள், தங்க இடம் கொடுத்து ஆதரிப்பார்கள். கதை நாள்கணக்கில் நடக்கும்.

தந்தை கதை சொல்லப் போன வழியிலேயே மகனுக்கும் ஆசிரியர்கள் கிடைத்தார்கள். அரியலூரில் சடகோபையங்கார் தமிழின் சுவையை முதலில் காட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணம் கேட்டார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பயின்றார். பின்னாளில் சங்க நூல்களைப் பதிப்பித்தவருக்கு முதல் பள்ளிக்கூடமாக இருந்தது, கதை சொல்லி ஒருவர் நடந்த பாதை. அவருடைய தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலின் தொடக்க அத்தியாயங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். தங்கும் இடம், சம்பாவனை, ஊர்ப் பெரியவர்களின் ஆதரவு என்று ஒரு கலைஞர் குடும்பத்தின் வரவுசெலவே அதில் இருக்கிறது.

இன்னொரு கண்ணியும் உண்டு. கனம் கிருஷ்ணையரோடு பழகி இசை கற்றவர்களில் ஒருவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் செய்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனை கதாகாலட்சேப மேடைகளில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்தக் கதையின் சட்டத்தையே எடுத்துக்கொண்டு என்.எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' செய்தார். நந்தன் சிதம்பரம் போகத் துடித்தான், கிந்தன் படிக்கத் துடித்தான். மக்களுக்குத் தெரிந்த வடிவத்தில் புதிய செய்தியை வைத்ததால் அது சட்டென்று போய்ச் சேர்ந்தது. உங்களுக்கும் அதுதான் வழி. தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை, கும்மி எல்லாம் உங்கள் ஊர்க்காரர் காதில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் நடையில் ஏறி நில்லுங்கள்.

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரும் ஒன்றைக் காட்டிப் போயிருக்கிறார். புலவருக்குத் தேம்பாவணி செய்த அதே கை, ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் கிறித்தவ வேதியருக்கு 'வேதியர் ஒழுக்கம்' என்று உரைநடையும் எழுதியது. சொல்லப்போவது யாருக்கு என்று முடிவு செய்த பிறகே அவர் நடையைத் தேர்ந்தார்.

முதலில் காது

நிகழ்ச்சிக்கு முன் அந்த ஊருக்கு இரண்டு முறையாவது போய் வாருங்கள். முதல் முறை பேச வேண்டாம், கேட்டால் போதும். டீக்கடை பெஞ்சு, ரேஷன் கடை வரிசை, கோயில் ஆலமரத்தடி, நூறு நாள் வேலையில் இடைவேளைக்கு உட்காரும் நிழல். இந்த இடங்களில்தான் ஊர் தன் மொழியில் பேசுகிறது. ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும். போனில் பதிவு செய்வதென்றால் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூன்று கேள்விகள் போதும்.

1. உங்க ஊர் ஏரி, குளம், காடு, மேடு இதுக்கெல்லாம் என்ன பேரு? அந்தப் பேரு எப்படி வந்துச்சு?

2. உங்க காலத்துல இருந்து இப்ப இல்லாமப் போனது என்ன?

3. சின்ன வயசுல கேட்ட விடுகதை ஒண்ணு சொல்லுங்க.

மூன்றாவது கேள்விதான் கதவைத் திறக்கும். கருத்து கேட்டால் தயங்குகிற அம்மாக்கள் விடுகதை கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒருவர் போட, இன்னொருவர் அவிழ்க்க, அரை மணி நேரத்தில் உங்கள் நோட்டு நிரம்பிவிடும். கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள். "வந்துச்சு" என்றால் "வந்தது" என்று திருத்தாதீர்கள். முந்திரிக் காட்டு ஊரின் பேச்சும், சின்ன வெங்காயம் போடுகிற ஊரின் பேச்சும், கொள்ளிடக்கரை ஊரின் பேச்சும் வேறு வேறு. அந்த வேறுபாடுதான் உங்கள் மூலப்பொருள்.

ஒரு கவிதையைக் கட்டிப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்வோம்: அரியலூரின் கல்.

இந்தப் பகுதி சுமார் 10 கோடி முதல் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலின் சிப்பிகளும் நத்தை போலச் சுருண்ட அம்மோனைட்டுகளும் இன்றும் மண்ணில் கல்லாகக் கிடைக்கின்றன. அந்தக் கடல் அடுக்குகளில் படிந்த சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் 1979இல் அரசு சிமென்ட் ஆலை வந்தது, பிறகு தனியார் ஆலைகளும் வந்தன. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்துக் கிடக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு.

இதைக் கவிதையாக்கச் சொன்னால் பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்குகிறார்கள்:

தொன்மைக் கடலின் துயில்கொள் சின்னமே,
கோடி யுகங்கள் குடியிருந்த பாறையே!

தாளில் படிக்க இது சரியாகத்தான் இருக்கிறது. திடலில் சொன்னால் இரண்டாவது வரியிலேயே ஆள் எழுந்துவிடுவார். காரணம் எளிது. கேட்பவர் பார்க்க இதில் ஒன்றும் இல்லை, செய்யவும் ஒன்றும் இல்லை. "பாறையே" என்று விளித்தால் பாறையோடுதான் பேசுகிறீர்கள். எதிரே 50 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களோடு யார் பேசுவது?

இப்போது விடுகதையின் நடையில் அதையே திருப்பிக் கட்டுவோம்:

எங்க ஊரு மண்ணத் தோண்டினா என்ன வரும்?
கல்லு வரும்.
கல்லத் தட்டிப் பாத்தா என்ன வரும்?
சிப்பி வரும்.
சிப்பியக் கூப்பிட்டு ஊரு எதுன்னா என்ன சொல்லும்?
கடலுன்னு சொல்லும்.
கடலு எங்க போச்சுன்னு கேட்டா என்ன சொல்லும்?
உங்க வீட்டுச் சுவத்துல இருக்குன்னு சொல்லும்.

கேள்வி உங்களுடையது, பதில் கூட்டத்தினுடையது. முதல் இரண்டு பதில்களை யாரும் சொல்லித் தராமலே ஊர் சொல்லும். மூன்றாவதில் சற்றுத் தயங்கும். நான்காவதை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அதற்குள் சிமென்டும் சுண்ணாம்பும் கடலும் ஒரே கோட்டில் வந்துவிட்டன. அறிவியல் ஆசிரியர் மறுநாள் வகுப்பில் இந்த இடத்திலிருந்து தொடங்கலாம். இரண்டாம் முறை முழுவதையும் சொல்லும்போது கடைசி வரியும் கூட்டத்தின் வாய்க்குப் போயிருக்கும்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: வரி ஒரே மூச்சில் முடிய வேண்டும். ஒரு வரிக்கு ஒரு படம் போதும். "வரும், வரும்" என்பதுபோல் திரும்ப வரும் சொல்லொன்று காதுக்குப் பிடிமானமாக இருக்க வேண்டும். செய்தி கடைசியில் வரட்டும், அதுவும் ஒரு பொருளாக வரட்டும். "நாம் பழமையைப் போற்ற வேண்டும்" என்று முடித்தால் அது அறிவுரையாகிவிடும். "உங்க வீட்டுச் சுவத்துல இருக்கு" என்றால் அவர் வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்.

குரலும் மைக்கும்

கவிதையை மனப்பாடம் செய்யுங்கள். போனைப் பார்த்துப் படித்தால் கண் கூட்டத்தைவிட்டுப் போய்விடும், கண் போனால் பதிலும் போய்விடும். மறந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் கவிதையைச் சுருக்குங்கள். ஒரு கவிதைக்கு 5 நிமிடம் தாராளம்.

ஊர்களில் பெரும்பாலும் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். அதில் கத்தினால் சொல் உடைந்து வெறும் சத்தம்தான் மிஞ்சும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். 'ப' வரும் இடங்களில் காற்று அடிப்பது குறையும். வழக்கமான வேகத்தில் பாதியாகச் சொல்லுங்கள். திடலில் எதிரொலி இருந்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் மனதுக்குள் "ஒண்ணு, ரெண்டு" எண்ணிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அந்த இடைவெளி எதிரொலிக்கு மட்டுமல்ல, கேட்பவர் தன் வரியைச் சொல்லவும் அதே இடைவெளிதான் வேண்டும்.

கரண்ட் போகும் என்று எண்ணியே தயாராகுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ நின்று, 30 அடி தள்ளி ஒருவரை நிற்க வைத்துச் சொல்லிப் பழகுங்கள். அவர் எந்தச் சொல்லைத் தவறவிட்டார் என்று கேட்டு, அந்தச் சொல்லையே மாற்றுங்கள்.

பள்ளியில் இரண்டு பீரியட்

பள்ளிக்குப் போக முதலில் தலைமை ஆசிரியரின் அனுமதி வேண்டும். என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழாசிரியரையும் கூட்டத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு நாள் வந்து போகிறவர், அவர் ஆண்டு முழுக்க இருப்பவர்.

80 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 10 நிமிடம் உங்கள் கவிதை. அடுத்த 10 நிமிடம் அதையே பிள்ளைகளோடு சேர்ந்து சொல்வது. பிறகு 15 நிமிடம் நான்கு நான்கு பேராகக் குழு பிரிந்து, தங்கள் தெருவில் தினமும் கேட்கிற ஒரு சத்தத்தைப் பற்றிப் பேசுவது. 20 நிமிடம் அதைக் கேள்வியும் பதிலுமாக நான்கு வரியில் எழுதுவது. 20 நிமிடம் குழுக்கள் எழுந்து சொல்வது. கடைசி 5 நிமிடம் வகுப்பே சேர்ந்து ஒரு வரியைத் தேர்ந்து கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவது.

எழுத்துப் பிழையை அன்று திருத்த வேண்டாம். சிவப்பு மை பட்ட தாளை எடுத்துக்கொண்டு எந்தக் குழந்தையும் எழுந்து நின்று சொல்லாது. ல, ள, ழ வேறுபாட்டைச் சொல்லும்போது காதால் திருத்துங்கள்: நீங்கள் சரியாக ஒருமுறை சொல்லிக் காட்டினால் அது தானே சரியாகும். வாய் திறக்காத பிள்ளைக்குக் குழுவில் பதில் வரியைக் கொடுங்கள். ஒரே ஒரு சொல்லாகக்கூட இருக்கட்டும், ஆனால் அது அந்தப் பிள்ளையினுடையதாக இருக்கட்டும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பிள்ளைகள் கட்டிய கவிதையை அங்கே கொண்டுபோக ஆசிரியர் விரும்பினால் உதவுங்கள். உங்கள் கவிதையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். பரிசு கிடைக்கலாம், ஆனால் பிள்ளை எதையும் கட்டியிருக்காது.

எங்கே நிற்கிறீர்கள்?

ஊரில் நிகழ்ச்சி என்றால் இதுதான் முதல் முடிவு. எல்லாத் தெருக்காரரும் தயக்கமில்லாமல் வந்து உட்காரக்கூடிய இடம் எது என்று உங்களுக்குத் தெரிந்தவரிடம் அல்ல, ஊருக்கும் காலனிக்கும் தனித்தனியாகப் போய்க் கேளுங்கள். பள்ளி வளாகம், நூலகம், ஊராட்சி அலுவலகத்து முன்னிடம் பெரும்பாலும் ஒத்துவரும். ஒரு தெருவின் கோயில் முன்பு மேடை போட்டால் வரக்கூடியவரும் வராதவரும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறார்கள். பொது இடம் ஒன்றும் அமையவில்லையென்றால் இரண்டு இடத்திலும் சொல்லுங்கள், முதலில் காலனியில் சொல்லுங்கள்.

நேரமும் அப்படித்தான். மாலை 6 மணி என்றால் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். 7.30 என்றால் வருவார்கள், 9 மணிக்குள் முடிக்க வேண்டும். கீழே விரிக்கும் தார்ப்பாயில் முன்பக்கம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பிறர் கதையைச் சொல்லும் முன்

கேட்டுத் திரட்டிய வாழ்க்கையை மேடையேற்றும்போது ஒரு கடமை வருகிறது. பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். அதனால் அந்த வரியை முதலில் அவரிடமே போய்ச் சொல்லிக் காட்டுங்கள். "இது வேணாம்பா" என்றால் எடுத்துவிடுங்கள். அவர் சரி என்றால், அதைத் தானே வந்து சொல்ல விருப்பமா என்றும் கேளுங்கள். பல நேரம் ஆம் என்பார்கள்.

சுரங்கம், லாரி, தூசி பற்றிப் பேசும் ஊர்களில் கூட்டத்தில் நிலம் கொடுத்த விவசாயியும் இருப்பார், லாரி ஓட்டிக் குடும்பம் காப்பவரும் இருப்பார். இருவருக்கும் பதில் வரி இருக்கும்படி கட்டுங்கள். ஒருவரை வில்லனாக்கிக் கைதட்டு வாங்குவது சுலபம். ஆனால் அவர் பிள்ளையும் அதே தார்ப்பாயில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கூலி

வழிச்செலவும் சன்மானமும் எவ்வளவு என்பதை ஒப்புக்கொள்ளும்போதே பேசிவிடுங்கள். கலைஞர் ஊரார் ஆதரவில் வாழ்வது இந்தப் பகுதியில் பழைய வழக்கம், கூச்சப்பட ஒன்றுமில்லை. பணம் தர முடியாத பள்ளிக்கு ஆண்டுக்கு இத்தனை என்று நீங்களே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பறை, உடுக்கை வாசிக்க ஒருவரைக் கூட்டிப்போனால் அவருக்கும் உங்களுக்கும் சம பங்கு.

திரும்பிப் போங்கள்

கவிதை வேலை செய்ததா என்பதற்குக் கைதட்டு அளவுகோல் ஆகாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தைப் பாருங்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழக வேண்டும் என்று முத்து பாஸ்கரன் ஒரு பாட்டு எழுதினார். பாட்டு பரவிய இடத்திலேயே சைக்கிளும் இருந்தது, பழக்கிவிட ஆளும் இருந்தார். அந்த மாவட்டத்தில் பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். வாய் சொன்னதைக் கால் செய்து பார்க்க வழி இருந்ததால்தான் அந்தப் பாட்டு நிலைத்தது. நீங்கள் கல்லைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகளை வாரணவாசிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். பறவையைப் பற்றிச் சொன்னால், 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்கு, வலசைப் பறவைகள் வரும் குளிர்காலத்தில் ஒரு காலைப் பொழுது போய் வாருங்கள்.

ஒரு மாதம் கழித்து அதே ஊருக்குத் திரும்பிப் போய் எந்த வரி மிச்சமிருக்கிறது என்று கேளுங்கள். யாருக்கும் நினைவில்லாத வரியை வெட்டிவிடுங்கள். அவர்கள் மாற்றிச் சொல்லும் வரியை அவர்கள் மாற்றிய மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அதுதான் மேலான வரியாக இருக்கும்.

நானும் அந்தப் பள்ளிக்குத் திரும்பிப் போனேன். 12 நிமிடக் கவிதை 4 நிமிடமாகியிருந்தது. ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் ஏரியின் பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். முதல் கண்ணியைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அந்தப் பள்ளிக்குச் சுற்றிலும் பல ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. ஒரே நேரத்தில் ஏழெட்டு ஏரிகளின் பெயர்கள் எழுந்தன. எந்தப் பெயரும் தெளிவாகக் கேட்கவில்லை. ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். முதலில் எழுந்தவள், அன்று வாசல்வரை வந்தவள்.